வலது முழங்காலின் எழுபத்தொரு நிமிடங்கள்

பெர்க்மான்ஸின் வலது முழங்காலில் அரிசி வைத்துப் பதினான்கு நாட்கள் ஆகியிருந்தன.

நிறுவனம் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருந்தது. நாகப்பட்டினத்தில் எல்லோரும் அரிசி என்றார்கள். அளவும் நிறமும் அப்படித்தான். முழங்காலில் இரண்டு துளை போட்டு, உள்ளே கிழிந்த ஜவ்வைத் தைத்துவிட்டு, வெளியே வரும் வழியில் நரம்புக்குப் பக்கத்தில் அதை வைத்துவிடுவார்கள். நாற்பது நாள் வலி தெரியாது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. பிறகு எடுத்துவிடுவார்கள்.

வலி தெரியாவிட்டால் ஆட்கள் காலைக் கண்டபடி மடக்குவார்கள். அதனால் அரிசி இன்னொரு வேலையும் செய்தது. நரம்பில் வந்த வலியை மேலே போகவிடாமல் பிடித்து, தனக்குள் எழுதி வைத்துக்கொண்டது. எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் அதைப் படிப்பது ருக்கையாவின் வேலை.

அவள் திரையைப் பார்த்தாள். பதினோரு நாள் சிறு அலைகள். பன்னிரண்டாம் நாள் ஒரு சுவர்.

"அண்ணே, முந்தாநாள் காலையில என்ன பண்ணுனீங்க?"

"தூங்குனேன்."

"ஆறு பத்துல இருந்து ஏழு இருபத்தொண்ணு வரைக்கும்?"

பெர்க்மான்ஸ் திரையை எட்டிப் பார்த்தார். முப்பத்தாறு வயது. விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படகின் அடியில் முட்டி போட்டே ஜவ்வு போனவர்.

"அதெல்லாமா போடுது? பொண்டாட்டியே இவ்வளவு கேட்டதில்ல மேடம்."

"வேட்டியத் தூக்குங்க."

இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. இடதில் பொருக்கு தட்டியிருந்தது. மஞ்சள் பூசியிருந்தார். வலதில் சீழ் பிடித்திருந்தது. காயத்துக்குள் மணல் இன்னும் இருந்தது. வலிக்காததால் அவர் அதைக் கழுவவில்லை.

"முட்டி போட்டு நடந்திருக்கீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேளாங்கண்ணியா?"

"மாதா குளம் வரைக்கும். மணல்ல."

"வலி மிஞ்சுனா அரிசி உங்க போன்ல அடிக்குமே?"

"டீக்கடையில குடுத்துட்டுப் போனேன். அங்க கெடந்து கத்திச்சாம். கடைக்காரன் அரிசி மூட்டைக்கு அடியில வச்சிருந்தான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ருக்கையா கையுறையை மாட்டிக்கொண்டு மணலை எடுக்க ஆரம்பித்தாள். அவர் தன் காலை இன்னொருவர் கால் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அவளுக்குப் பாதி தெரியும். இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அவர் குழந்தை இருந்தது. அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் அவர் மனைவி ப்ளாரன்ஸுக்கு இருபத்தொன்பது வாரத்திலேயே சிசேரியனில் பிரசவமாகிவிட்டது. பெண். ஆயிரத்து நூறு கிராம். கல்யாணமாகி எட்டு வருடத்தில் உயிரோடு பிறந்த முதல் பிள்ளை.

"வேண்டிக்கிட்டேன்," என்றார். "பிள்ளை மூச்சு விடணும், நான் முட்டி போட்டு வர்றேன்னு. கிடைச்சப்புறம் செய்யலாம்னு மாமியா சொன்னாங்க. எனக்குப் பொறுக்கல. முன்னாடியே செஞ்சிட்டேன்."

"டாக்டர் கேட்டா என்ன ஆகும் தெரியுமா? தையல் பிரிஞ்சிருந்தா இந்தக் கால் அவ்வளவுதான். நல்லவேளை, ஸ்கேன்ல தையல் நிக்குது. அடுத்த வாட்டி நிக்காது."

"மேடம், இடது கால் எனக்குத் தீயா எரிஞ்சிச்சு. கண்ணு இருட்டிச்சு. வலது கால் என்ன பண்ணுதுன்னே தெரியல. கட்டையக் கட்டி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி. பின்னால வந்த ஒரு அம்மாதான், தம்பி ரத்தம் வருதுன்னாங்க. குனிஞ்சு பாத்தா வலது கால்."

"அதுக்குத்தானே அரிசி வச்சிருக்கு."

"பாதிதான் செஞ்சேன்," என்றார்.

ருக்கையா நிமிர்ந்தாள்.

"நேத்து படம் எடுத்தாங்க. டாக்டரம்மா காமிச்சாங்க. பிள்ளைக்கு இடது நுரையீரல் விரிஞ்சிருச்சு. வலதுல காத்து தங்கல. சுருங்கிச் சுருங்கிப் போயிடுது." அவர் விரலால் முதலில் தன் இடது முழங்காலைத் தொட்டார். பிறகு வலதை. "இடது சரி. வலது இல்ல."

"அண்ணே, குறைமாசத்துல அப்படி ஆகும். அதுக்கும் இதுக்கும்—"

"எதுக்கும் எதுக்கும் சம்பந்தமில்லன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவள் மருந்து வைத்துக் கட்டினாள்.

"எங்க வாப்பாவுக்கும் முட்டி போச்சு," என்றாள். "அஞ்சு வருஷமா நாற்காலியில உக்காந்துதான் தொழுறாங்க. முடியாதவங்களுக்கு அப்படித்தான் சட்டம். அல்லா கால வச்சா பாக்குறான்? மனச வச்சுப் பாக்குறான்."

"வாப்பா நாற்காலியில தொழுறேன்னு சொல்லிட்டுத் தொழுறாங்க. நான் முட்டி போட்டு வர்றேன்னு சொன்னேன். மெஷின வச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்லல." கட்டைத் தடவினார். "அந்த வலி இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு."

"முழுசுமா?"

"எழுபத்தொரு நிமிஷமும்."

"யாருது அது?"

ருக்கையாவுக்குக் கேள்வி புரிய ஒரு விநாடி ஆனது. "உங்களுதுதான்."

"அப்ப குடுங்க."

*

குடுக்க வழி இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஒவ்வொரு வாரமும் அவளே செய்வதுதான். நரம்பு செத்துவிடவில்லை என்று பார்க்க, அரிசி எழுதி வைத்த வலியில் மூன்று விநாடியை நோயாளிக்கே திருப்பி ஓட்டுவாள். கிள்ளிப் பார்ப்பது என்று பெயர். நோயாளி ஆ என்பார். அவள் சரி என்று குறிப்பாள். மூன்று விநாடிக்கு மேல் ஓடாது. மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து மூன்று விநாடி.

முழங்காலைத் தைத்த டாக்டர் திருமேனியிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்கவில்லை.

"வலிய எடுக்கத்தான் நமக்கு வேலை குடுத்திருக்கு. குடுக்கறதுக்கு இல்ல. மனநல டாக்டர்கிட்ட அனுப்பு."

"மறுபடி முட்டி போடப் போறேங்கறாரு சார்."

"போட்டா அவர் கால். எழுதி வாங்கிக்க."

மதிய இடைவேளையில் மூன்றாம் மாடிக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே நின்றாள். குழந்தை உள்ளங்கை நீளம் கூட இல்லாத நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு பக்கம் உயர்ந்தது. இன்னொரு பக்கம் குழிந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கே மூச்சு சமமாக வரவில்லை. கீழே இறங்கி வந்து மூன்று நோயாளிகளைப் பார்த்தாள். நான்காவது ஆளுக்கு இடது கால் என்பதற்கு வலது கால் என்று எழுதி, அடித்துத் திருத்தினாள்.

பெர்க்மான்ஸ் வெளியே பெஞ்சில் அப்படியே இருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நீங்க குடுக்கலன்னா சொல்லிருங்க மேடம். எங்க பட்டறையில நல்ல பிளேடு இருக்கு. எங்க வச்சீங்கன்னும் தெரியும். எடுத்துப் போட்டுட்டு நாளைக்கே மணல்ல இறங்குறேன்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல தங்கச்சி." முதல்முறையாக அப்படிச் சொன்னார். "வேற வழி தெரியாம கேக்குறேன்."

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்தினாள். வெளியே சோதனை நடக்கிறது என்று அட்டை தொங்கவிட்டாள்.

அவர் கட்டிலில் படுத்தார். இடது கையில் ஜெபமாலை. வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தக் கூடாது. வெளிய ஆள் இருக்காங்க."

"இன்ஜின் காலு மேல விழுந்தப்பவே கத்தல."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அளவு என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. ஒன்று என்றால் வந்தது வந்தபடி. புள்ளி ஒன்று என்று மாற்றினாள். பத்தில் ஒரு பங்கு. நேற்று மாலையே முடிவு செய்திருந்தாள். முழு அளவில் எழுபத்தொரு நிமிடம் ஓட்டினால் அதற்கு வேறு பெயர். இது மருந்து. மருந்தை நோயாளியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அழுத்தினாள்.

அவர் கால் துள்ளியது. பிறகு அடங்கினார். மூன்று விநாடி. அழுத்தினாள். மூன்று விநாடி. அழுத்தினாள்.

ஐந்தாவது நிமிடத்தில் சொன்னார். "இடது இதவிட எரிஞ்சிச்சே."

கட்டைவிரல் நின்றது. "ஆபரேஷன் பண்ண கால்ல நரம்பு கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும்," என்றாள். குரல் நன்றாகவே வந்தது.

"அதுவும் சரிதான்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தாவது நிமிடத்தில் அவருக்கு வியர்த்தது. இருபதில் உதடு அசைவது நின்று பல் கடிக்கும் சத்தம் வந்தது. அவள் அளவைப் பார்த்தாள். புள்ளி ஒன்றுதான். இருந்தும் வலித்தது.

"இது அந்த வளைவு," என்றார் திடீரென்று. "இங்க சிப்பி ஜாஸ்தி. இடது கால்ல குத்திச்சு. இதுலயும் குத்தியிருக்கு. பாருங்க, இப்பதான் தெரியுது."

ருக்கையா அழுத்தினாள்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் சுவர் தாழ்ந்தது. "இங்க நின்னு தண்ணி குடிச்சேன். அந்த அம்மா குடுத்தாங்க." மூச்சு வாங்கினார். "இப்ப மறுபடி கிளம்புவேன்." கிளம்பினார். கம்பி கிரீச்சிட்டது.

பாதையை அவர் ஒவ்வொரு அடியாக அடையாளம் கண்டுகொண்டே போனார். இடது கால் முன்பே நடந்த பாதை. வலது கால் இப்போது நடந்தது. அவள் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆயிரத்து நானூற்று இருபது முறை. கடைசியில் கட்டைவிரல் மடங்கவில்லை. இடது கையால் அழுத்தினாள்.

முடிந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்தார். முகம் கழுவியது போலிருந்தது.

"ஒண்ணும் விட்டுடலையே?"

"இல்ல."

"நிமிஷம் எதுவும்?"

"ஒரு நிமிஷங்கூட விடல," என்றாள். அது உண்மை.

அவர் அவளுடைய வீங்கிய விரலைப் பார்த்தார். "ஐயோ, உங்களுக்கும் நேர்ச்சைதான். மாதா உங்க பேரையும் எழுதிக்குவா."

*

இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் வலது நுரையீரலில் காற்று தங்கியது. பெர்க்மான்ஸ் நொண்டிக்கொண்டே கீழே வந்து படத்தை அவள் மேஜையில் வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "ரெண்டும்," என்றார். "ரெண்டும் பாருங்க." அந்தப் பக்கம் போன துப்புரவு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்கு அண்ணே."

அன்று அவள் வேலை முடித்து நாகூருக்குப் பேருந்தில் போகும்போது நன்றாகத் தூங்கினாள். நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்கும் மூன்று நாள் கழித்துக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இறந்தது. நுரையீரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு நேர்வதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். திங்கட்கிழமை செவிலியர்கள் பேசிக்கொண்டதில் ருக்கையாவுக்குத் தெரிந்தது.

அவளுக்கு நேர்ச்சையில் நம்பிக்கை இல்லை. முட்டிக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. அதைத் தெளிவாகவே அறிந்திருந்தாள். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, ஒரு கணக்கு ஓடியது. இரண்டு நாள் கழித்து விரிந்தது. மூன்று நாள் இருந்தது. எத்தனை நாள் இருந்திருக்க வேண்டும்? பத்தால் பெருக்கினால்? நிறுத்துவாள். மறுபடி ஓடும். ஒருமுறை வாப்பா நாற்காலியில் தொழுது முடித்ததும் கேட்டாள், தெரியாமல் ஒருவருடைய கடமையில் இன்னொருவர் குறைத்துவிட்டால் யார் மேல் வரும் என்று. அவர் யோசித்துவிட்டு, பள்ளிவாசல் ஆலிம்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றார். அவள் பிறகு விசாரிக்கவில்லை.

*

நாற்பதாம் நாள் பெர்க்மான்ஸ் மனைவியோடு வந்தார். இளைத்திருந்தார். அமைதியாக இருந்தார். அந்த அமைதியை ருக்கையா எதிர்பார்க்கவில்லை.

"என்னா தங்கச்சி, விரல் சரியாப் போச்சா?"

"ஆச்சு அண்ணே."

"இது ப்ளாரன்ஸ். கணக்கு டீச்சர். சாக்கிரதை, நம்மள மாதிரி ஆளுங்கள பெஞ்சு மேல ஏத்திருவா."

ப்ளாரன்ஸ் தலையசைத்தாள். சிரிக்கவில்லை. புடவை முந்தானையால் வயிற்றைப் பொத்தினாற்போல் உட்கார்ந்தாள்.

அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். அரிசியை எடுக்கப் பத்து நிமிடம். அதற்குள் வெளியே ஒரு கையெழுத்து வேண்டும். அரிசியை எடுக்கும்போது அது எழுதியது முழுவதையும் தாளில் அச்சிட்டு நோயாளியிடமோ உறவினரிடமோ கொடுத்தாக வேண்டும். சட்டம் அது. பதினெட்டுப் பக்கம். யாரும் படிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கேன் கவருக்குள் செருகிவிடுவார்கள்.

ப்ளாரன்ஸ் முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

ருக்கையா பேனாவை நீட்டியபடி நின்றாள். பிறகு மேஜையில் வைத்தாள்.

எட்டாம் பக்கத்தில் ப்ளாரன்ஸின் விரல் நின்றது. "சோதனை ஓட்டம். ஆயிரத்து நானூத்தி இருபது தடவை. இதானே அது?"

"ஆமா டீச்சர்."

"மூணால பெருக்கி அறுபதால வகுத்தா எழுபத்தொண்ணு. சரியா இருக்கு." விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. "அளவு, புள்ளி ஒண்ணு. இது என்ன?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். அது அந்தக் கருவியின் கணக்கு, எல்லோருக்கும் அப்படித்தான் போடும் என்று சொல்லியிருந்தால் போதும்.

"பத்துல ஒரு பங்கு," என்றாள் ருக்கையா.

"முழுசுன்னா ஒண்ணு."

"ஆமா."

"நீங்க வச்சதா?"

"ஆமா."

ப்ளாரன்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே பெர்க்மான்ஸ் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. டீச்சர், அவ்வளவு நேரம் முழுசா ஓட்டுனா மனுஷன் தாங்க மாட்டாரு. நான் அவர் மேல இரக்கப்பட்டுத்தான்—"

"தெரியுது."

"உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா?"

"கிடையாது. முட்டி போட்டா நுரையீரல் விரியும்னா நான் எட்டு வருஷம் பள்ளிக்கூடத்துல முட்டி போட்டே பாடம் நடத்தியிருப்பேன்." குரல் உயரவில்லை. "ஆனா நானா இருந்தா ஒண்ணுல வச்சிருப்பேன்."

"ஏன்?"

"கேட்டது அவரு."

ருக்கையா பேனாவை மேஜையில் உருட்டினாள்.

"அடக்கம் பண்ணிட்டு வந்து ரெண்டு நாள் அவரு தண்ணி கூடக் குடிக்கல," என்றாள் ப்ளாரன்ஸ். "மூணாம் நாள் எந்திரிச்சு உக்காந்து சொன்னாரு. நான் குறை வைக்கல ப்ளாரன்ஸ். மாதா எடுத்துக்கிட்டது அவ இஷ்டம். நான் குறை வைக்கல. சொல்லிட்டுச் சாப்பிட்டாரு. இப்பவும் தினம் தட்டுக்கு முன்னாடி உக்காந்து அதச் சொல்றாரு. சொல்லிட்டுத்தான் கைய வைக்கிறாரு." தாளை ஒழுங்குபடுத்தினாள். "இன்னைக்கு ராத்திரியும் சொல்லுவாரு. நான் எதிர்ல உக்காந்து அவர் முகத்தப் பாக்கணும்."

கதவு திறந்தது. பெர்க்மான்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "லேசா வலிக்குது," என்றார், ஆச்சரியப்பட்டவர் போல. "நாப்பது நாளுக்கப்புறம் என் கால் எனக்கு வந்திருக்கு." மனைவி கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். "என்னா டீச்சர், திருத்தியாச்சா? எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றாள் ப்ளாரன்ஸ். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டாம் பக்கத்தை மட்டும் உருவி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டி, முகம் சுளித்து, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க நடந்துக்கிட்டே இருங்க. ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்துடுறேன்."

"தங்கச்சி, வர்றேன். வாப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க."

அவர் தாழ்வாரத்தில் திரும்பி மறையும்வரை ப்ளாரன்ஸ் பார்த்திருந்தாள். பிறகு திரும்பினாள். மேஜை ஓரத்தில் எஃகுத் தட்டு இருந்தது. அதில் சிறு கிண்ணத்துத் தண்ணீரில் அரிசி கிடந்தது.

"எடுத்த பிறகும் அது இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவோம். அவங்க அழிச்சிடுவாங்க."

"எப்ப அனுப்புவீங்க?"

"மாசக் கடைசியில. எல்லாத்தையும் சேத்து."

"இத என் கால்ல வைக்க முடியுமா?"

ருக்கையா அவளைப் பார்த்தாள். "எதுக்கு டீச்சர்?"

"மிச்சம் ஒம்போது பங்கு. அவரு சொல்றது பொய்யா இருக்கக் கூடாது."

"உங்களுக்கு வயித்துத் தையலே இன்னும் ஆறியிருக்காது. துளை போடணும். டாக்டர் ஒத்துக்க மாட்டாரு."

"முதல் தடவை அவரு ஒத்துக்கிட்டா செஞ்சீங்க?"

ருக்கையாவின் கட்டைவிரல் அவளை அறியாமல் உள்ளங்கைக்குள் மடங்கியது. கிண்ணத்தை எடுத்துத் தட்டின் மறுபக்கம் வைத்தாள். மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

ப்ளாரன்ஸ் காத்திருந்தாள். விடைத்தாளை வாங்க நிற்பவள் போல நின்றாள்.

"எனக்குச் சனிக்கிழமை லீவு," என்றாள் ப்ளாரன்ஸ்.